பெரியம்மைக் காலத்தில் யோசப் வாஸ் அடிகள்

உடப்பில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். அயலவர் அந்தப் படியை மிதிக்கமாட்டார்கள். அப்படி வளர்ந்த எனக்கு, புனித யோசப் வாஸ் அடிகளாரின் கதையை நம் பள்ளியில் முதன்முதலாகக் கேட்டபோது நம்பவே முடியவில்லை.

அவர் 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். 1690இல் எங்கள் ஊருக்கு வடக்கேயுள்ள புத்தளத்தில் பணிசெய்தார். 1692இல் கண்டிக்குப் போனவரை ஒற்றரென்று சிறைவைத்தார்கள்.

1697இல் அதே கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு நீங்கினர். நோயாளர் காட்டோரங்களில் கைவிடப்பட்டனர். வாஸ் அடிகள் போகவில்லை. உடனிருந்த கார்வாலோ அடிகளோடு கொட்டில்கள் அமைத்தார், உணவூட்டினார், புண் கழுவினார், இறந்தவர்களைப் புதைத்தார். யாரிடமும் மதம் கேட்கவில்லை.

ஜென்னரின் தடுப்பூசிக்கு இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன. கொடுக்க மருந்தில்லை. ஆனால் தண்ணீர், உணவு, சுத்தம், பக்கத்தில் ஓர் ஆள் என்பவையே சிலரைப் பிழைக்கவைத்திருக்கும் என்று வைத்தியராக நம்புகிறேன். நோயாளிக்குச் செய்வதை ஆண்டவர் தமக்கே செய்ததாக ஏற்கும் மத்தேயு 25ஆம் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது.

1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கொவிட் நாட்களில், முழுக் கவச உடை அணிந்தும், வார்ட்டு வாசலில் நான் ஒரு கணம் தயங்கி நின்றதுண்டு. அவரிடம் ஒரு சோடிக் கையுறைகூட இருக்கவில்லை.