டோனாவூர் அம்மையார்

இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த சிவகாசி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்ற நகரம். அத்தொழில்கள் அங்கு வேரூன்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலான காலத்திற்கு முன்னர், அது திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியில் மழை குன்றிய கரிசல் நிலத்து ஊராக இருந்தது. அக்காலத்தில் தாமஸ் ராக்லண்டு என்னும் ஆங்கிலேயர் அப்பகுதிக்கு வந்தார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று சிறந்தவர். சென்னையில் சமயத் தொண்டுச் சங்கம் ஒன்றின் செயலாளராகப் பெரும்பதவி வகித்தவர். அப்பதவியைத் துறந்து, ஒரு கூடாரத்தையே வீடாகக் கொண்டு, வெயிலிலும் புழுதியிலும் ஊர் ஊராகத் திரிந்து தொண்டு செய்தார். 1858 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிவகாசியிலேயே உயிர் நீத்தார்.

அவருடைய வரலாற்றை 1922 ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி நூலாக எழுதி வெளியிட்டார். சிவகாசி இளைஞர் இருவர் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவரக் கல்கத்தாவிற்குப் புறப்பட்டதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். நூலை எழுதிய அப்பெண்மணியும் ராக்லண்டைப் போல ஊர் ஊராகச் சென்று தொண்டு செய்யவே தமிழ்நாட்டிற்கு வந்தவர். ஆயினும், அவர் தம் பயணங்களை நிறுத்தி ஓரூரில் நிலைத்துவிட்டார். அவரை அவ்வாறு நிறுத்தியது ஒரு சிறுமியின் கை. அப்பெண்மணியே டோனாவூர் அம்மையார் எனப் போற்றப்பெறும் ஏமி கார்மைக்கேல்.

அம்மையார் அயர்லாந்து நாட்டின் வடபகுதியில், மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில், 1867 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 16 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மாவரைக்கும் ஆலை நடத்தியவர். மக்கள் எழுவருள் ஏமியே மூத்தவர். தாயாரின் கண்களைப் போலத் தம் கண்களும் நீலமாக வேண்டும் என்று அவர் சிறு வயதில் ஓரிரவு இறைவனை வேண்டிக்கொண்டாராம். பொழுது விடிந்ததும் நாற்காலி மீதேறிக் கண்ணாடியில் பார்த்தார். கண்கள் பழுப்பு நிறமாகவே இருந்தன. அன்று அவர் அடைந்த ஏமாற்றம் சிறிதன்று. அப்பழுப்பு நிறக் கண்கள் பிற்காலத்தில் எவ்வாறு பயன்பட்டன என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஏமிக்குப் பதினேழு வயது நடந்தபோது தந்தையார் காலமானார். குடும்பச் செல்வமும் முன்னரே சுருங்கியிருந்தது. மூத்த மகளாகிய அவர் தாயாருக்குத் தோள்கொடுத்துத் தம்பி தங்கையரைப் பேணினார். அந்நாளில் பெல்பாஸ்டு நகரத்து நூலாலைகளில் ஏழைப் பெண்கள் பலர் வேலை செய்துவந்தனர். தொப்பி வாங்கப் பொருளின்றி, போர்வையையே தலையில் முக்காடாக இட்டுக்கொண்ட அவர்கள் கோவிலுக்கு வருவதை மேட்டுக்குடியினர் சிலர் அருவருத்தனர். அப்பெண்களுக்கெனவே ஏமி வகுப்புகள் நடத்தினார். 1889 ஆம் ஆண்டில் ஐந்நூறுபேர் அமரக்கூடிய இரும்புத் தகட்டுக் கூடம் ஒன்றும் எழுப்பினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அயல்நாடு சென்று தொண்டு செய்யும் அவா அவர் உள்ளத்தில் எழுந்தது. 1893 ஆம் ஆண்டு சப்பான் நாட்டிற்குச் சென்றார். உடல்நலம் குன்றியதால் அங்கு நெடுங்காலம் தங்க இயலவில்லை. 1895 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவை வந்தடைந்து, சிறிதுகாலம் பெங்களூரில் இருந்தபின், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பண்ணைவிளைக்கு வந்தார். அங்குத் தொண்டாற்றிய தாமஸ் வாக்கரும் அவர் மனைவியாரும் ஏமிக்குத் துணையாயினர். வாக்கர் தமிழில் வல்லவர். தமிழ் எளிதில் கைவரும் மொழியன்று என்பதை அம்மையார் விரைவில் உணர்ந்தார். ஆயினும் விடாது முயன்று, மக்களோடு தடையின்றிப் பேசும் ஆற்றல் பெற்றார். புடவை உடுத்தினார், மாட்டுவண்டியில் பயணம் செய்தார். தாய்நாட்டிற்கு அவர் ஒருமுறையேனும் திரும்பிச் சென்றதில்லை.

அவ்வண்டியில் அவருடன் தமிழ்ப் பெண்கள் சிலரும் சென்றனர். விண்மீன் கூட்டம் எனப் பொருள்படும் பெயரால் ஊரார் அவர்களை அழைத்தனர். அவர்களுள் தலையாயவர் பொன்னம்மாள். இளமையிலேயே கணவனை இழந்தவர். மாமனார் வீட்டில் ஒடுங்கிக் கிடந்தவர். அம்மையாரின் வரலாற்றைக் கூறுவோர் பலர் இவரைப் பற்றி ஓரிரு சொற்களே கூறி அமைவர். அது முறையன்று. பொன்னம்மாள் இன்றேல் டோனாவூர் இல்லை. அக்காலத்தில் நெல்லைச் சீமைப் பெண்கள் காதிலும் கழுத்திலும் பொன்னை நிறைய அணிவது வழக்கம். அதனைக் கொண்டே குடும்பத்தின் மதிப்பை அளந்தனர். தானும் வளர்ந்து அக்கூட்டத்திற் சேர்ந்தால் அந்த அக்காளைப் போல நகை அணியலாம் என்று ஒரு சிறுமி தன் தாயிடம் கூறியது பொன்னம்மாள் காதில் விழுந்தது. அவர் தம் அணிகலன் அனைத்தையும் களைந்தார். உறவினர் நாணினர், ஊரார் ஏசினர். அவர் மனம் மாறவில்லை.

1901 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் அம்மையார் வாழ்வில் திருப்பம் நேர்ந்தது. பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமியைப் பண்ணைவிளைப் பெண் ஒருத்தி அழைத்துவந்தாள். தந்தையை இழந்த அக்குழந்தையைத் தாயே பொட்டுக்கட்டுவதற்காகக் கோவிற் பெண்டிரிடம் ஒப்படைத்துவிட்டாள். ஒருமுறை பிரீனா தப்பி, தூத்துக்குடி வரை தனியே நடந்து தாயை அடைந்தாள். தெய்வக் குற்றத்திற்கு அஞ்சிய தாய், தன்னைப் பற்றிக்கொண்டிருந்த குழந்தையின் கைகளை விடுவித்து, மீண்டும் அப்பெண்டிரிடமே கொடுத்தாள். இனி ஓடாதபடி அச்சிறு கைகளில் சூடு போட்டனர். பிரீனாவோ மறுபடியும் ஓடிவந்தாள். அம்மையார் மடியிலமர்ந்து, தன் கைகளைக் காட்டி, தான் பட்டதையெல்லாம் கூறினாள். அத்தகைய நிலையில் இன்னும் எத்தனை குழந்தைகள் உள்ளனர் என்ற வினா அன்றுமுதல் அவரை உறங்கவொட்டாமற் செய்தது.

விடை காண அவர் பல ஊர்களுக்குச் சென்றார். வெள்ளைக்காரப் பெண்ணிடம் உண்மை உரைப்பார் யார்? ஆகவே, புடவையணிந்து, காப்பி நீரால் மேனிக்குக் கருமை ஊட்டிக்கொண்டு, தமிழ்ப் பெண்களோடு ஒருத்தியாகச் சென்றார் என்பர். நீலக்கண் வாய்த்திருந்தால் அது அவரை உடனே காட்டிக்கொடுத்திருக்கும்!

குழந்தைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினர். 1904 ஆம் ஆண்டு முதல் கைக்குழந்தைகளும் வந்தனர். சொற்பொழிவாற்றிப் பழகிய பெண்கள் தொட்டில் ஆட்டவும், துணி துவைக்கவும், இரவெல்லாம் விழித்துப் பால் புகட்டவும் வேண்டியதாயிற்று. ஊர் ஊராகச் சென்று பலருக்கு நற்செய்தி கூறுவதை விட்டுக் குழந்தைகளின் கால் கழுவிக்கொண்டிருத்தல் தகுமோ என்று உடன்தொண்டர் சிலர் குறைகூறினர். அம்மையார் உள்ளத்திலும் அவ்வினா எழாமல் இல்லை. ராக்லண்டு சென்ற வழியன்றோ அவர் விரும்பிய வழி? முடிவில், இயேசு பெருமான் தம் சீடர் கால்களைக் கழுவியதை எண்ணித் தெளிந்தார். வேலையிற் பெரிது சிறிது என்னும் வேற்றுமை இல்லை எனத் துணிந்து, டோனாவூரில் நிலையாகத் தங்கினார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள அவ்வூர், முன்னாளில் அதற்குப் பொருளுதவிய டோனா என்னும் செருமானியப் பிரபுவின் பெயரால் வழங்குவது.

பச்சிளங்குழந்தைகளை வளர்ப்பது அரிதாக இருந்தது. தாய்ப்பால் இல்லை, பிறர் பிள்ளைக்குப் பாலூட்ட முன்வருவாரும் அரியர். அருகில் மருத்துவரும் இலர். எனவே, மருத்துவமனை இருந்த நெய்யூரில் ஒரு குழந்தையகம் அமைத்து, பொன்னம்மாளை அதற்குத் தலைவியாக்கினர். அங்கு வயிற்றுக் கடுப்பு நோய் பரவியபோது குழந்தைகள் பலர் இறந்தனர். நோயுற்ற குழந்தையை இரவில் எவ்வாறு பார்த்துக்கொள்வது, பாலை எவ்வளவு நீர் சேர்த்துக் கொடுப்பது என்பவற்றைப் பொன்னம்மாள் மருத்துவரிடம் கற்று, பிற பெண்களுக்கும் கற்பித்தார். தொடக்கத்தில் இப்பணிக்கு வருவாரே இல்லை. குழந்தையின் அழுக்கைத் துடைப்பது தம் குலத்திற்கு ஏலாது என ஒதுங்கினோர் பலர். பொன்னம்மாள் வாய்திறந்து எவரையும் கடியவில்லை. தாமே எல்லாவற்றையும் செய்தார். அதனைக் கண்டபின் பிறரும் கைநீட்டினர். 1913 ஆம் ஆண்டிற்குள் டோனாவூரில் 130 பெண்குழந்தைகள் வளர்ந்தனர். 1915 ஆம் ஆண்டில் புற்றுநோயால் பொன்னம்மாள் காலமானார். அவர் வரலாற்றையும் அம்மையார் நூலாக எழுதினார்.

டோனாவூரை ஒரு விடுதி என்பதினும் குடும்பம் என்பதே பொருந்தும். அங்குள்ள மேல்நாட்டுப் பெண்டிரைக் குழந்தைகள் சித்தி என்றழைத்தனர். தம்மினும் மூத்த தமிழ்ப் பெண்கள் அக்காள் ஆயினர். ஆடவர் அண்ணாச்சி ஆயினர். குலம் கேட்கும் வழக்கம் இல்லை. பிறந்த நாள் அறியாத குழந்தைகள் பலர் இருந்தமையால், ஒவ்வொருவரும் அவ்வீட்டிற்கு வந்த நாளையே மலரும் பரிசும் கொண்டு கொண்டாடினர். 1918 ஆம் ஆண்டு முதல் ஆண்குழந்தைகளையும் ஏற்றனர். 1927 இல் வழிபாட்டு இல்லமும், 1929 இல் மருத்துவமனையும் எழுந்தன. பொருளுதவி வேண்டி எவரிடமும் கையேந்துவதில்லை என்பது அவர்தம் கொள்கை.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. குழந்தைகளை மீட்பதற்காக உற்றார் தொடுத்த வழக்குகளில் அம்மையார் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. சிறைத் தண்டனை பெறும் அச்சமும் ஒருமுறை சூழ்ந்தது. 1903 இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்று வெள்ளையர் சிலருக்கே கசந்தது. நம் சமுதாயத்தைக் குறித்து அவர் எழுதியவற்றுள் சில ஒருபுறம் சாய்ந்த கடுமை உடையன என்பதை மறுப்பதற்கில்லை. அவர் கண்டது துயரின் பக்கத்தையே அன்றோ? பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து இந்நாட்டுப் பெண்மணிகளே பின்னர்ப் போராடினர். முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் முழங்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைதோறும் பேசினார். 1947 ஆம் ஆண்டில் அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. அச்சட்டத்தைக் காணும் வரை ஏமி அம்மையார் வாழ்ந்தார்.

1931 ஆம் ஆண்டு அக்டோபர் 24 ஆம் நாள், களக்காட்டில் மருந்தகத்திற்காக அமர்த்தியிருந்த வீட்டைப் பார்க்க மாலை மங்கும் வேளையில் அவர் சென்றார். இடம் மாறித் தோண்டியிருந்த குழியொன்றில் விழுந்து கால் முறிந்தது. விரைவில் எழுந்துவிடலாம் என எண்ணினர்; அது கைகூடவில்லை. எஞ்சிய ஏறக்குறைய இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் தம் அறையிலேயே கழிந்தன. மாட்டுவண்டியில் சீமையெல்லாம் சுற்றியவருக்கு நான்கு சுவரே உலகாயிற்று. அங்கிருந்தே பல நூல்கள் எழுதினார். பிள்ளைகளின் வழக்குகளைக் கேட்டுத் தீர்த்தார். வருந்தி வந்தோரைத் தேற்றி அனுப்பினார்.

1951 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18 ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் வயதில், டோனாவூரில் அம்மையார் காலமானார். தம் புதைகுழிமேல் கல்லெழுத்து வேண்டா என்று அவர் முன்னரே கூறியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அச்சொல்லை மீறாமல், மரநிழலில் அவரை அடக்கம் செய்த இடத்தில், பறவைகள் நீருண்ணக் கல்தொட்டி ஒன்று அமைத்தனர். அதில் அவர் பெயர் இல்லை. தாயைக் குறிக்கும் ஒரு சொல் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது.