லாரிக்கு இழுவை தந்தவர்

திருப்புலிவனம் வழியாக நெல் மூட்டை லாரி போகிறது. பாரம் அதிகம். வண்டி மெல்லத்தான் நகருகிறது. ஆனால் திணறவில்லை.

அந்த இழுவையைத் தந்தவர் யார்? டீசல்!

ஆம், டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். முழுப்பெயர் ருடால்ப் டீசல்.

அகதிச் சிறுவன்

ஜெர்மன் பெற்றோருக்கு 1858-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. 12 வயதுச் சிறுவனை ஜெர்மனியில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். உதவிப் பணம் பெற்று, மியூனிக் நகரில் எந்திரக் கல்வி கற்றார்.

நீராவி எந்திரம் நிலக்கரிச் சூட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று வகுப்பில் அறிந்தார். அந்த வீண் செலவு அவர் மனதை உறுத்தியது.

சுடும் காற்று

சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பு சுடும். காற்றை அழுத்தினால் சூடேறும். அதுதான் டீசலின் வழி. பெட்ரோல் எந்திரத்துக்குத் தீப்பொறி வேண்டும். டீசல் எந்திரத்துக்கு வேண்டாம். காற்றை இறுக அழுத்தி, எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும்.

1893-ல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதனை நடந்தது. அளவுக் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் உயிர் தப்பினார். ஆனாலும் முயற்சியை விடவில்லை. 1897-ல் வெற்றி! சூட்டில் நாலில் ஒரு பங்கு வேலையாக மாறியது.

எது பலம்?

அந்த எந்திரத்தின் எடை நாலரை டன். சக்தி 20 குதிரை சக்திக்குள்தான். இன்றைய சின்ன பெட்ரோல் காருக்கே 60 குதிரை சக்திக்கு மேல் உண்டு. அப்படியானால் கார்தான் பலசாலியா?

சக்கர நட்டைக் கழற்றுகிறீர்கள். ஸ்பேனர் நீளமாக இருந்தால் திருகும் பலம் கூடும். அந்தத் திருகு பலமே இழுவை. மெக்கானிக்குகள் டார்க் என்பார்கள். அந்தப் பலத்தோடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது குதிரை சக்தி.

டீசலின் எந்திரம் நிமிடத்துக்கு 154 சுற்றுதான் சுற்றியது. ஆனால் அதன் இழுவை சின்ன காரைப்போல் ஏழெட்டு மடங்கு. காரோ ஆயிரக்கணக்கில் சுற்றிக் குதிரை சக்தியைக் காட்டுகிறது.

பாரத்தைக் கிளப்ப இழுவை வேண்டும். வேகமாக ஓடக் குதிரை சக்தி வேண்டும். மெல்லச் சுற்றும்போதே நல்ல இழுவை தருவதால்தான் லாரிக்கு டீசல் ஏற்றது.

கடலில் முடிந்த வாழ்வு

புகழ் வந்தது. பணமும் வந்தது. ஆனால் வழக்குகளும் தவறான முதலீடுகளும் பணத்தைக் கரைத்தன. உடல் நலமும் கெட்டது. கடன் சூழ்ந்தது.

1913 செப்டம்பர் 29 அன்று இரவு இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றார். காலையில் அறையில் ஆள் இல்லை! சில நாள் கழித்து உடல் கடலில் மிதந்தது. உடைமைகளைக் கண்டு மகன் அடையாளம் சொன்னார். தற்கொலையா, விபத்தா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

1924-ல் ஜெர்மனியில் டீசல் லாரிகள் வந்தன. பிறகு நம் எண்ணூரிலும் அசோக் லேலண்ட் டீசல் லாரிகள் உருவாயின. அவற்றைக் காண டீசல் இல்லை.

ஊர் ஊராகப் பாரம் சுமக்கும் எந்திரத்தைத் தந்தவர், தம் கடன் பாரத்தை இறக்க முடியாமலே போனார்.