உழைப்பாளிக்குச் சிலை வைத்த ஜமீன் வீட்டுப் பிள்ளை

சென்னைக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் மெரினாவில் தவறாமல் பார்க்கும் இடங்களுள் ஒன்று உழைப்பாளர் சிலை. நான்கு தொழிலாளர்கள் ஒரு பெரும் பாறையைப் பெயர்த்து நகர்த்துகிறார்கள். அதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்காளத்துக்காரர்.

1899இல், இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர் பகுதியில் ஜமீன் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார். பிறகு சிற்பத்தில் இறங்கினார். 1929இல் சென்னை ஓவியக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அதுவரை ஆங்கிலேயர்களே அமர்ந்திருந்த நாற்காலி அது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். கே.சி.எஸ். பணிக்கரும், பெரியார், பாரதிதாசன் ஆகியோரின் உருவங்களை வடித்த தனபாலும் அவருடைய மாணவர்கள்.

அக்காலத்தில் தொழிலாளிக்குப் பெருஞ்சிலை என்றாலே சோவியத் நாடுதான் நினைவுக்கு வரும். 1937இல் பாரிஸ் கண்காட்சிக்காக வேரா முகினா படைத்த ஆலைத் தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும் சுத்தியலையும் அரிவாளையும் வானுக்கு உயர்த்தி, வெற்றி வீரர்களாக முன்னேறுவார்கள். சௌத்ரியின் நால்வரிடம் சின்னமும் இல்லை, கொடியும் இல்லை. இடுப்பில் ஒரு துணி, முறுக்கேறிய தசை, அசைய மறுக்கும் பாறை. அவ்வளவுதான்.

அந்த உருவங்களுக்கு மாதிரியாக நின்றவர்கள் கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும். சிலையில் எந்தத் தலைவரின் முகமும் இல்லை.

1959 ஜனவரி 25ஆம் நாள் மெரினாவின் வடகோடியில் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது கம்யூனிஸ்டுக் கட்சி அன்று, காமராசர் தலைமையிலான காங்கிரஸ். ஆனால் இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான்.

1958இல் பத்மபூஷண் பெற்ற சௌத்ரி, டெல்லியில் உள்ள தண்டி யாத்திரைச் சிலைத் தொகுதி முழுமை பெறும் முன்பே 1975இல் காலமானார்.

அந்தச் சிலைக்குச் சற்று வடக்கே சென்னைத் துறைமுகம். அங்கிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி வந்து, ஜொகூர் தோட்டங்களில் காடழித்துப் பால்மரம் சீவியவர்களில் பலர், சிலை எழும் முன்பே கரையை விட்டுப் புறப்பட்டவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாறையைத் தள்ளும் நால்வருக்கும் பெயர் கிடையாது. தாத்தாவின் பெயரைச் சொல்லிக்கொள்ளத் தடையும் கிடையாது.