சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்த அம்மையார்
டாக்டர் மேரி வர்கீஸ்



ஏரிக்கும் கடலுக்கும் இடையே வாழ்கிற பழவேற்காட்டுப் பிள்ளைகளாகிய நமக்கு, கேரளத்தில் செராய் என்னும் ஊரைப் பற்றிச் சொன்னால் அது அந்நிய ஊராகத் தோன்றாது. கொச்சிக்கு அருகே வைப்பின் தீவில் உள்ள ஊர் அது. ஒரு புறம் அரபிக்கடல், மறு புறம் காயல். எங்கும் தென்னை, எங்கும் வலை. அந்தச் செராயில் 1925-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் வசதியான குடும்பம் ஒன்றில் மேரி பிறந்தார். உடன்பிறந்தவர்கள் பலர். வீட்டில் பக்தியும் இருந்தது, படிப்பும் இருந்தது. கல்லூரிப் படிப்பை எர்ணாகுளத்தில் முடித்த அவர், மருத்துவம் பயில வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

வேலூர் மருத்துவமனையின் வரலாறு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்ததால் பிரசவத்தில் பெண்கள் இறப்பதைக் கண்டு மனம் நொந்த ஐடா ஸ்கடர் அம்மையார் உருவாக்கிய இடம் அது. மேரி அங்கு வந்த காலத்தில் ஐடா அம்மையார் முதியவராக இன்னும் உயிரோடிருந்தார். மேரியின் ஆசையும் அதே வழியில்தான் சென்றது. மகப்பேறு மருத்துவத்திலும் பெண்களுக்கான அறுவை சிகிச்சையிலும் தேர்ச்சி பெற்றுத் தாய்மார்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார்.

1954-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். மேரியும் அவர்களுள் ஒருவர். வழியில் வண்டி விபத்துக்குள்ளாகி உருண்டது. மற்றவர்களுக்கும் காயம் ஏற்பட்டது. ஆனால் மேரிக்கோ முதுகுத்தண்டு முறிந்து, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிவிட்டது. முகத்திலும் ஆழமான வெட்டு. அதன் தழும்பு கடைசி வரை மறையவில்லை. நினைவு திரும்பியபோது இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை. அவருக்கு அப்போது 28 வயது.

தண்டுவடம் அறுந்தால் அது மீண்டும் ஒட்டாது என்பதை அவரே படித்திருந்தார். மற்ற நோயாளிகளுக்குக் கிடைக்கும் அறியாமை என்கிற சிறு ஆறுதல்கூட அவருக்குக் கிடைக்கவில்லை! அந்நாளில் நம் நாட்டில் இப்படி அடிபட்டவர்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. முறிவு கொல்வதில்லை, பின்னால் வரும் படுக்கைப்புண்ணும், சிறுநீர்ப் பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறும் கிருமியும்தான் கொன்றன. உணர்ச்சியில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் சதை அழுகும், வலி தெரியாது. இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மன் என்பவர் 1944-ல் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில் இத்தகையோருக்காகத் தனிப் பிரிவு தொடங்கி, மணிக்கணக்கு வைத்து நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தாலே உயிர் பிழைக்கலாம் என்று மெய்ப்பித்திருந்தார். வேலூர்ச் செவிலியர்கள் மேரியை அப்படித்தான் காத்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை, அறுவைக்கு மேல் அறுவை. அந்த மாதங்களில் அவர் மனம் மிகவும் இருண்டு கிடந்தது. தன்னை ஏன் உயிரோடு விட்டார் என்று இறைவனிடம் முறையிட்ட நாட்களும் உண்டு. புன்னகை மாறாமல் துன்பத்தைத் தாங்கினார் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது.

அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர் அவர். தொழுநோயாளர்களின் மடங்கிப்போன விரல்களை, வேறிடத்துத் தசைநாணை எடுத்துக் கட்டி நிமிர்த்தும் அறுவை முறையை வேலூரில் வளர்த்தவர். மேரியின் நிலையைப் பார்த்த அவர், கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்ற எளிய உண்மையை அவருக்கு எடுத்துக்காட்டினார். நோயாளியின் கையைப் பக்கப் பலகையில் நீட்டி வைத்துவிட்டால், நின்று செய்யும் மருத்துவரும் அங்கே நாற்காலி இழுத்துத்தான் அமர வேண்டும். அப்படியிருக்க, அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இந்த இடத்தில் நான் சற்று நிற்கிறேன். வயிற்று அறுவைக்கான மேசையின் முன் மேரி ஊனமுற்றவர். கை அறுவைக்கான பலகையின் முன் அவர் மருத்துவர். இரண்டுக்கும் இடையே அவருடைய உடம்பில் எந்த மாற்றமும் நிகழவில்லை. மேசையின் உயரம்தான் மாறியது.

ஆயினும் அது சொல்வது போல் எளிதாக இருக்கவில்லை. இடுப்புக்குக் கீழ் பலமில்லாதவர் நேராக உட்கார்ந்திருப்பதே கடினம். ஒரு கையை ஊன்றாவிட்டால் உடம்பு சாயும். அறுவை செய்பவருக்கோ இரண்டு கைகளும் வேண்டும். அதற்காகவே அவருடைய முதுகெலும்பை உறுதிப்படுத்தினார்கள். பிறகு மேரி மணிக்கணக்காக அமர்ந்து, நூலினும் மெல்லிய நரம்புகளுக்கிடையே கத்தி பிடித்தார். சமுதாயம் ஒதுக்கி வைத்திருந்த மனிதர்கள், விரல் நிமிர்ந்து, கையால் சோற்றை எடுத்து உண்டார்கள். தங்களைப் போலவே உடல் குறைந்த ஒருவர் தங்கள் கையைச் சரி செய்கிறார் என்பது அவர்களுக்கு எவ்வளவு தெம்பு அளித்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மேரி அறுவைக் கூடத்தில் திறமையானவர். அதற்கு வெளியே இன்னும் பிறர் தூக்கிச் செல்ல வேண்டியவர். இதை மாற்ற ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சென்று பயிற்சி பெற்றார். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது, தானே உடுத்துவது, கால்களில் காலிப்பர் கட்டி ஊன்றுகோலுடன் நிற்பது ஆகிய எல்லாவற்றையும் குழந்தையைப் போல் புதிதாகக் கற்றார். கற்கும்போதே அவருக்கு ஒன்று உறைத்தது. கையைச் சரி செய்து ஒருவரை அனுப்பிவிடுகிறோம். காலில்லாதவர், தண்டுவடம் முறிந்தவர், வாதம் வந்தவர் இவர்களெல்லாம் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்கள்? வைத்தியம் முடியும் இடத்தில் அவர்களுடைய வாழ்க்கையும் முடிந்துவிட வேண்டுமா?

விடை தேடி அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹவர்ட் ரஸ்க், இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தைக் கொண்டு, மறுவாழ்வு மருத்துவம் என்ற புதிய துறையை வளர்த்து வந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே, வேற்று நாட்டில், மேரி அத்துறையை முறைப்படி பயின்று தாயகம் திரும்பினார். 1963-ல் வேலூர் மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-ல், நகரத்துக்கு வெளியே பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய நிலையம் அதுவே முதலாவது.

சாதாரண மருத்துவமனையில் நோயாளி படுத்திருப்பார். மற்றவர்கள் வேலை செய்வார்கள். இங்கோ நோயாளிதான் வேலை செய்ய வேண்டும். கையூன்றி உடம்பைத் தூக்கப் பழக வேண்டும். இரண்டு மணிக்கொரு முறை புரண்டு படுக்க வேண்டும். சிறு கண்ணாடி பிடித்துத் தன் பின்புறத் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். செயற்கைக் கால், காலிப்பர் செய்யும் பட்டறையும் உண்டு. தொழில் பழகும் இடமும் உண்டு. வீட்டார் ஒருவர் கூடத் தங்கிக் கவனிப்பு முறைகளைக் கற்றுக்கொள்கிறார். ஏனென்றால் நியூயார்க்கில் கற்ற பாடத்தை வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அப்படியே எழுதி வைக்க முடியாது. அங்கே மின்தூக்கி, மேசை அடுப்பு, மேற்கத்திய கழிவறை எல்லாம் உண்டு. இங்கே தரையில் சமையல், கிணற்றடியில் குளியல், ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிலைப்படி!

எங்கள் பெரியப்பாவின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். கோட்டைக்குப்பத்தில் பாடு முறை உங்களுக்குத் தெரியும். முறை வரும் நாளில்தான் ஏரியில் வலை விடலாம். முறைக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போது பெரியப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்தார். மேரி அம்மையாருக்கு முறிந்தது போலவே முதுகு முறிந்தது. வேலூரில் பல வாரங்கள் இருந்து, தானே நாற்காலிக்கு மாறவும், தானே உடுத்தவும் பழகிக்கொண்டு திரும்பி வந்தார். பெரியம்மாவும் கூட இருந்து எல்லாம் கற்று வந்தார்கள். ஆனால் தெரு முனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே சக்கரம் மணலில் புதைந்தது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்து வைத்தோம். வாசலில் அரையடி உயரப் படி. உள்ளே போனால் வெளியே வர முடியாது. வெளியே வந்தால் உள்ளே போக முடியாது. வேலூரில் கூட்டத்தோடு கூட்டமாகத் திரிந்த மனிதர் சொந்த வீட்டில் பழையபடி நோயாளியாகிவிட்டார். முதல் வாரம் யாரோடும் பேசவில்லை.

பெரியம்மாதான் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். சாய்வுதளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால், தானே தள்ளிக்கொண்டு ஏறுபவர் பின்னால் சாய்வார். அரையடிப் படிக்கு ஆறடிச் சரிவு. கொத்தனார் இரண்டடியே போதும் என்று வாதாடினார், பெரியம்மா விடவில்லை. நிலைப்படியைச் செதுக்கித் தரையோடு சமமாக்கினார்கள். மணலில் பழைய படகுப் பலகைகளை வரிசையாகப் பரப்பி, ஏரிக்கரை வரைக்கும் வழி போட்டார்கள். (சென்னை மெரினாவிலும் 2022-ல் இதே போல மரப்பாதை அமைத்தார்கள். திறந்த சில நாட்களில் மாண்டஸ் புயல் அதன் முனையைச் சிதைத்துவிட்டது. எங்கள் பலகைகளையும் மழைக்காலத்தில் நாலைந்து முறை தேடிப் பிடித்திருக்கிறோம்!) இன்று பெரியப்பா கரையோரம் நிழலில் அமர்ந்து கிழிந்த வலைகளைச் சரி செய்கிறார். வலை வேலை எப்போதும் உட்கார்ந்து செய்கிற வேலைதானே.

படி இல்லாத கட்டடம் என்பது இன்று சலுகையன்று, சட்டம். 1995-ல் வந்த சட்டமும், அதன் இடத்தில் 2016-ல் வந்த விரிவான சட்டமும், பொதுக் கட்டடங்களில் சாய்வுதளம் முதலிய வசதிகள் வேண்டும் என்கின்றன. மேரி அம்மையார் பாகாயத்தில் தம் நிலையத்தை அமைத்தபோது அப்படி எந்தச் சட்டமும் இல்லை. தாம் அமர்ந்திருந்த நாற்காலியின் அகலமும் உயரமும்தான் அவருக்கு அளவுகோல்.

1972-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. விருதைவிட, தம்மைப் போலவே அடிபட்டு வந்த இளைஞர்களின் கட்டிலருகே தம் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவர் செய்த பெரிய வைத்தியம் என்பேன். எழுந்திருக்க முடியாது என்று அழுபவரிடம், எழுந்திருக்காமலே வாழ்ந்து காட்டிய ஒருவர் பேசும்போது மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? விபத்துக்குப் பின் 32 ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார். 1986-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பாகாயத்து நிலையம் பின்னாளில் அவர் பெயரையே தாங்கியது.

சென்ற மாதம் முன்னாள் மாணவியர் கூட்டத்துக்கு நம் பள்ளிக்கு வந்தபோது, பெரியம்மாவின் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டு, முன்வாசல் படிகளை அளந்து பார்த்தேன். மூன்று படிகள், படிக்கு ஆறு அங்குலம். ஆக ஒன்றரை அடி. பதினெட்டு அடிச் சரிவு வேண்டும். வாசலிலிருந்து வேப்பமரம் வரை அடி வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு அடி இருக்கிறது. மரத்தை வெட்ட வேண்டியதில்லை.