முத்துலட்சுமி அம்மாவும் என் நாத்தனாரும்

நான் வேடந்தாங்கல். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். மலருக்கு ஒரு பெரிய மனுஷியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஞாபகம்தான் வந்தது.

அவங்க பேர் நமக்குப் புதுசு இல்லை. கர்ப்பிணிகளுக்குத் தரும் அரசு மகப்பேறு உதவித்தொகை அவங்க பேரில்தான் வருகிறது. ஆனால் அவங்க யார் என்று எனக்கே நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி, கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். அந்தக் குலப் பெண் படிப்பதா என்று ஊர் முணுமுணுத்த காலம். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், மன்னர் அனுமதி கொடுத்ததால் சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பிறகு சென்னை சட்டமன்ற மேலவைக்குப் போன முதல் பெண் ஆனார், அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். தேவதாசி முறையை ஒழிக்க வருஷக்கணக்கில் போராடினார். 1947-ல்தான் அந்தச் சட்டம் வந்தது. ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்கு அவ்வை இல்லம் தொடங்கினார்.

இத்தனையும் செய்த அவங்க மனசில் ஒரு முள் இருந்தது. 1923-ல் அவங்க தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். தான் டாக்டராக இருந்தும் கூடப்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த நோய்க்கு என்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அப்போதே நினைத்தார். ஆனால் அது நடக்க முப்பது வருஷம் ஆனது.

வந்தால் சாவுதான், இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி என்று நினைத்தவர்கள் அப்போது நிறைய. அவங்க விடவில்லை. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டினார். நாம் வாராவாரம் சந்தா கட்டிச் சேர்ப்பது போலத்தான், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. 1952-ல் அடையாறில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் குடிசையில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955-ல் டாக்டர் சாந்தா சேர்ந்தார். ஏழை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அங்கே கொள்கை. 1956-ல் முத்துலட்சுமி அம்மாவுக்கு பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ல் காலமானார்.

இப்போ என் நாத்தனார் கதை. அவளுக்கு மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. வலிக்கலைன்னா ஒண்ணுமில்லைன்னு விட்டுட்டாள். வெட்கம் வேற. பறவைகள் வந்து, குஞ்சு பொரித்து, ஏரியை விட்டுத் திரும்பிப் போற வரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்கலை. குழுக் கூட்டத்துக்கு வந்த நர்ஸம்மா மார்புப் பரிசோதனை பற்றிப் பேசிய அன்றைக்குத்தான் என் கையைப் பிடிச்சு அழுதாள்.

செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். பிறகு அடையாறு. கட்டி பெரிதாகிவிட்டதால் முதலில் மருந்து ஏற்றிச் சுருங்க வைத்தார்கள். அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கரண்ட். சீக்கிரமே வந்திருந்தால் பல பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்தாலே போதுமாம். இவளுக்கு ஒரு பக்க மார்பையே எடுக்க வேண்டி வந்தது. வெளியே வராந்தாவில் முத்துலட்சுமி அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தங்கைக்காக அழுத ஒருத்தி கட்டிய இடத்தில் என் நாத்தனார் பிழைக்கிறாள் என்று நினைத்தேன்.

ஆபரேஷனோடு முடியவில்லை. அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுப்பதால் அந்தக் கை வீங்கலாம். அந்தக் கையில் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, இறுக்கமான வளையல் கூடாது, ரத்த அழுத்தம் மறு கையில் பார்க்கச் சொல்ல வேண்டும். சுவரில் விரலால் மெல்ல மெல்ல ஏறும் பயிற்சியைத் தினமும் செய்தாள். முடி கொட்டினப்போ கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். குழுவில் இருந்து முறை போட்டுச் சமைத்துக் கொடுத்தோம். போக்குவரத்துச் செலவுக்கு உள்கடன் கொடுத்தோம். ரவிக்கைக்குள் வைக்கப் பஞ்சுத் திண்டு தைத்துத் தந்தது எங்கள் உறுப்பினர் ஒருத்தர்தான். முதல் தடவை அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்த அன்று, எப்பவும் போல முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அந்தக் கடனையும் கட்டி முடித்துவிட்டாள்.

சகோதரிகளே, மாதவிலக்கு முடிந்த சில நாளில் மாசம் ஒரு தடவை மார்பையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாசத்தில் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்ளே இழுப்பது, நீர் கசிவது எது தெரிந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, நம்ம குழு இருக்கிறது.

முத்துலட்சுமி அம்மா தங்கைக்காக அழுதுவிட்டு உட்காரவில்லை. நாமும் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம்.