கணக்குப் பார்த்த கர்னல், ஊரூரில் தொடங்கிய பள்ளி

பெசன்ட் நகர் பக்கம் போகும்போது ஆல்காட் பள்ளிக்கூடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தப் பெயருக்கு உரியவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். 1832-இல் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது, ராணுவத்துக்குச் சாமான் வாங்கியதில் நடந்த மோசடியைக் கண்டுபிடிக்கிற வேலை பார்த்தார். கர்னல் பட்டம் அந்தக் காலத்தில் வந்ததுதான். கணக்கு நோட்டைப் புரட்டிப் புரட்டித் திருட்டைப் பிடிக்கிற ஆள்!

1875-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரோடும் வேறு சிலரோடும் சேர்ந்து நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினார். 1882-இல் சபையின் தலைமையிடம் நம்ம அடையாறுக்கு வந்தது.

பக்கத்திலேயே ஊரூர். பஞ்சமர் என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்த மக்களின் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வைக்க அன்று பெரும்பாலான பள்ளிகள் தயாராக இல்லை. அந்தப் பிள்ளைகளுக்காக 1894-இல் ஆல்காட் ஓர் இலவசப் பள்ளி திறந்தார். அயோத்திதாசப் பண்டிதர் இந்த முயற்சிக்குத் துணையாக நின்றார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று பள்ளிகள் ஐந்தாயின.

தமிழ் எழுதப் படிக்க, கணக்குப் போட, கொஞ்சம் இங்கிலீஷ், கூடவே சமையல். கூலியிலும் கடைக் கணக்கிலும் ஏமாறாமல் இருக்க வேண்டும், நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்க வேண்டும். அவர் நினைத்தது அவ்வளவுதான். சில வருஷப் படிப்பே இந்தப் பிள்ளைகளுக்குப் போதும் என்று அவர் வைத்த அளவு நமக்கு இன்று உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் கதவைத் திறந்துவிட்டார்.

பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்தார்கள். பசியில் இருக்கிற பிள்ளைக்கு அ, ஆ எங்கே ஏறும்? அதைத் தாயாக இருக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் இந்தப் பள்ளிகளுக்கென்று சாப்பாட்டு நிதி தனியாகச் சேர்த்தார்கள். சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் மதிய உணவு தொடங்கியது 1920-இல். காமராசர் திட்டம் 1956-இல். ஊரூர்ப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அவற்றுக்கும் முன்னாலேயே வெளியூர், வெளிநாட்டுக்காரர்கள் பணம் அனுப்பியிருக்கிறார்கள்.

வந்த பணத்தைச் சபை தன் பத்திரிகையில் பட்டியல் போட்டு அச்சடித்தது. கொடுத்தவர் பேர், தொகை, எந்த நிதிக்கு என்று வரிவரியாக. நம்ம குழுவில் வாராவாரம் நோட்டை எல்லோர் முன்னாலும் வாசிக்கிறோமே, அதே மாதிரி. தூரதேசத்தில் இருக்கிறவர் திரும்பத் திரும்பக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்போது பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு உதவி சேர்க்க 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் 2022-இல் வந்தது. தாம்பரம், பல்லாவரம் பக்கம் நம்ம பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் இப்படி உதவி வரலாம். வந்தால், எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாம் தாராளமாகக் கேட்கலாம்.

ஆல்காட் 1907 பிப்ரவரி 17 அன்று அடையாறிலேயே காலமானார். ஊரூரில் அவர் தொடங்கிய பள்ளி இன்று மேல்நிலைப் பள்ளி. ஏழைப் பிள்ளைகள் அங்கே இலவசமாக பிளஸ் டூ வரை படிக்கிறார்கள்.