மறக்கப்பட்ட மாமேதை சுப்பாராவ்

உயிர்ச்சத்துகளின் வரலாறு என்றதும் ஐக்மேன், ஃபங்க் முதலிய மேல்நாட்டார் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவருக்கும் அவ்வரிசையில் இடமுண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 சனவரி 12-ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இவ்வரியை மறுமுறை படிக்கலாம்!) மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடையில் அறுவைக் கூடத்துக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கைநழுவி, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

ஆயினும் அவர் வாழ்வைத் திருப்பியது பட்டமன்று. ஸ்ப்ரூ என்னும் நோய். இந்நோயில் குடல் உணவுச் சத்தை உறிஞ்சாது. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், இரத்தச்சோகை. நோயாளி எலும்பும் தோலுமாவார். சுப்பாராவின் சகோதரர் இருவர் அடுத்தடுத்து இதற்குப் பலியாயினர்.

1922-இல் மாமனாரின் பொருளுதவியுடன், மனைவியை இங்கே விட்டு, பாஸ்டன் சென்றார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் கடைநிலை ஊழியம். 1929-இல் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்துக் காட்டினார். அதே ஏ.டி.பி.தான் இன்று நம் தேர்வில் 5 மதிப்பெண் கேள்வி! ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

இதற்கு முன்பே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாயில் கருவுற்ற ஏழைத் தாய்மார்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதை 1931-இல் வெளியிட்டிருந்தார். அச்சாற்றில் இருந்த பொருள் எது? 1941-இல் அமெரிக்காவில் பசலை வகைக் கீரையிலிருந்து எடுத்த பொருளுக்கு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். சுப்பாராவ் தலைமையிலான குழு 1945-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தாயிற்று.

எங்கள் பழவேற்காட்டுக் குப்பங்களில் மீனுக்கும் இறாலுக்கும் குறைவில்லை. கீரைக்குத்தான் பஞ்சம், உப்பு மண்ணில் என்ன முளைக்கும்? வாங்கி வரும் கீரையையும் வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டால் ஃபோலிக் அமிலத்தில் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும். இக்குறையை ஈடுசெய்யவே கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்க்கிறார்கள். குமட்டுகிறது என்று அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரிக்கு வந்த நான், சுப்பாராவ் கதையைச் சொல்லித்தான் அவளை விழுங்க வைத்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறைகிறதாம்.

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும், ஆரியோமைசினும் அவர் வழிகாட்டிய கூடத்திலிருந்தே வந்தன. ஃபோலிக் அமிலத்தைச் சற்றே மாற்றி அவர் குழு ஆக்கிய அமினோப்டெரினைக் கொண்டு, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபார்பர் தற்காலிகக் குணம் கண்டார். அச்செய்தி வெளியானது 1948-இல். அவ்வாண்டு ஆகஸ்டில், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் மறைந்தார். கப்பலேறிய நாளுக்குப் பின் தாய்நாட்டையும் மனைவியையும் அவர் மீண்டும் காணவேயில்லை.